ஸ்னேப்பிடம் உங்கள் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புவீர்களா?

ஜூன் 9, மாலை 6:12. அயோத்தியாபட்டணத்து வாசகர் கேட்டது

ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியில் யார் நல்ல ஆசிரியர் என்று கேட்டால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு தற்காப்பு மந்திர வாத்தியார் லூபின் என்கிறீர்கள். சிரித்துப் பேசினால் நல்ல வாத்தியாராகி விடுவாரா? ரிசல்ட்டைப் பாருங்கள். மருந்து காய்ச்சும் பாடம் எடுக்கிற ஸ்னேப்தான் அங்கே உருப்படியாகப் பாடம் நடத்திய ஆள். நாலு பேர் முன்னால் திட்டு வாங்கினால்தான் பையன் ராத்திரி உட்கார்ந்து படிப்பான். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூன் 9, இரவு 10:40

நான் மறுக்கவில்லை. சேலம் அம்மாப்பேட்டையில் 19 வருஷமாக பிளஸ் டூ கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். மாடியில் தகரக் கொட்டகை, பத்து டெஸ்ட் டியூப், ரெண்டு பியூரெட் (சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்), ஒரு கேஸ் அடுப்பு. ஸ்னேப்பின் பாதாள வகுப்பை எப்போது படித்தாலும் என் கொட்டகைதான் ஞாபகம் வரும். கொதிக்கிற பாத்திரம், புகை, வரிசை மாறிப் போட்டால் கெட்டுப்போகும் சரக்கு. எங்கள் சால்ட் அனாலிசிஸ், அதாவது உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை, அதேதான்.

ரிசல்ட் விஷயத்துக்கு ஆதாரம் கதையிலேயே இருக்கிறது. ஐந்தாம் வருஷம், அரசாங்கம் அனுப்பிய ஆசிரியை அம்பிரிட்ஜ் அம்மா இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார். யாரையும் குறை சொல்லாமல் விடாத மனுஷி. அவரே ஸ்னேப் வகுப்பைப் பார்த்துவிட்டு, இந்த வயசுக்கு இவர்கள் முன்னேறித்தான் இருக்கிறார்கள் என்கிறார். அடுத்து, மேல்வகுப்புக்கு, எல்லாவற்றிலும் உயர்ந்த 'ஓ' கிரேடு வாங்கியவரை மட்டும்தான் ஸ்னேப் சேர்த்துக்கொள்வார். உருமாற்றப் பாடம் எடுக்கும் மெக்கானகலுக்கு அதற்கு ஒரு படி கீழே, 'ஈ' போதும். நம்ம ஊரில் பத்தாவது மார்க்கைப் பார்த்து ஃபர்ஸ்ட் குரூப் கொடுக்கிறதில்லையா, அந்தக் கணக்கு. தரம் வேண்டும் என்றால் வடிகட்டத்தான் வேண்டும்.

ஜூன் 10, காலை 7:05

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. ஸ்னேப்பைக் கண்டாலே ஆகாத ஹாரியே பொதுத்தேர்வில் அந்தப் பாடத்தில் 'ஈ' வாங்கினான். தூங்கி வழிந்த வரலாற்றில் 'டி'. டி என்றால் ஃபெயில். ஆக, பயத்துக்குப் பலன் உண்டு.

ஜூன் 11, இரவு 11:20

இன்று டியூஷனில் ஒரு பெண் இந்த இழையைப் படித்துவிட்டு வந்து என்னை மடக்கினாள். "சார், அந்தப் பரீட்சை அன்னிக்கு ஸ்னேப் ஹால்லயே இல்ல. அதனாலதான் ஹாரிக்கு ஈஸியா இருந்துச்சு. நெவில் கூட அன்னிக்கு சந்தோஷமா இருந்தான்."

வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பக்கத்தில் வந்து நின்று மூச்சு விடுகிற ஆள் இல்லாததால் ஹாரிக்குக் கை நடுங்கவில்லை. ஸ்னேப்பிடம் எப்போதும் திட்டு வாங்கும் நெவிலின் முகம் மருந்து வகுப்பில் அவ்வளவு மலர்ந்து ஹாரி பார்த்ததே இல்லையாம்.

பியூரெட்டில் பர்மாங்கனேட் விடுகிறவர்களுக்கு இது தெரியும். கடைசி ஒரு சொட்டில் கரைசல் இளம் ரோஜா நிறத்துக்கு வந்து நிற்க வேண்டும். பின்னால் வாத்தியார் நின்றால் கட்டைவிரல் அந்தத் திருகை அரைச் சுற்று கூடவே திருப்பிவிடும். கத்தரிப்பூ நிறம் வந்தால் தொலைந்தது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் கொட்டகையில் எத்தனை முறை கத்தரிப்பூ வந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். நான் பின்னால் நிற்கிற வழக்கம் உள்ளவன்.

இருந்தாலும் ஒரு கேள்வி. வருஷம் பூராவும் பயந்து கற்றுக்கொண்டதைத்தானே அன்றைக்கு நிம்மதியாக எழுதினான்? கற்றுக்கொடுத்தது யார்?

ஜூன் 12, மதியம்

மெக்கானகலை யாரும் பேசவில்லையே. கண்டிப்பில் அவர் ஸ்னேப்புக்கு இளைத்தவர் இல்லை. முதல் வகுப்பில் தன் மேசையைப் பன்றியாக்கித் திரும்ப மேசையாக்கிக் காட்டுகிறார். பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். உடனே நீங்களும் பன்றி செய்யுங்கள் என்று சொல்லவில்லை. முதலில் நோட்ஸ், அப்புறம் ஆளுக்கு ஒரு தீக்குச்சி, அதை ஊசியாக்கு. மணி அடிக்கும்போது ஹெர்மாயினியின் குச்சி மட்டும் கொஞ்சம் வெள்ளியாகிக் கூர்மை பட்டிருந்தது. மற்றவர்களுக்குத் தீக்குச்சி தீக்குச்சியாகவே. யாரையும் கேலி செய்யவில்லை, ஜெயித்தவளைத் தூக்கிக் காட்டினார், ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

நெவில் 'ஏ' (அங்கே அது வெறும் பாஸ், 'ஈ'க்கும் கீழே) வாங்கிக்கொண்டு மேல்வகுப்பு கேட்டபோது முடியாது என்று நேராகச் சொன்னதும் இவர்தான். ஆனால் அதே மூச்சில், உனக்கு மந்திரப் பாடத்தில் 'ஈ' இருக்கிறதே, அதை எடு என்றார். பாட்டி அதை லேசான பாடம் என்று நினைக்கிறார் என்று அவன் தயங்க, பாட்டி அந்தப் பரீட்சையில் தவறியதாலேயே அந்தப் பாடம் மட்டமாகிவிடாது என்று நான் எழுதிப் போடுகிறேன் என்கிறார். எங்கள் பேரண்ட்ஸ் மீட்டிங்கில் ஒரு வாத்தியார் இப்படிப் பேசிக் கேட்டால் காதில் தேன்.

ஜூன் 14, இரவு

பேச்சு எங்கோ போகிறது, பரவாயில்லை. முதல் நாளே ஸ்னேப் ஹாரியை எழுப்பி, பெசோவர் கல் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறாரே, ஆட்டு வயிற்றில். அது வேறொன்றும் இல்லை, நம்ம நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கோரோசனைதான். பச்சைக் குழந்தைக்கு உரசிக் கொடுப்பார்கள். செவ்வாய்பேட்டைக் கடைகளில் கேட்டால் தருவார்கள்.

ஜூன் 15, காலை

தப்பு. மேலே எழுதியதை அடித்துவிடவும். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். பெசோவர் ஆட்டின் இரைப்பையில் முடியும் நாரும் சேர்ந்து உருண்டு இறுகுவது. இரண்டுக்கும் மருந்துப் பெயர் உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. என் மாமியாரிடம் கேட்டுத் தெளிந்தேன். கெமிஸ்ட்ரி வாத்தியார் என்று பெயர், கல்லுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று வீட்டில் ஒரு நாள் பூரா ஓடியது.

ஆனால் ஒன்று. முதல் வகுப்பில் அவமானப்படுத்துவதற்காகக் கேட்ட அந்தக் கேள்வியின் பதில்தான் ஆறாம் வருஷம் ஹாரியின் நண்பன் ரான் விஷம் குடித்தபோது அவன் உயிரைக் காப்பாற்றியது. அப்படியானால் ஸ்னேப்பிடம் ஹாரி கற்றுக்கொண்டான்தானே? ஆம், ஆனால் அந்த வகுப்பிலிருந்து அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. ஓரத்தில் கிறுக்கியிருந்த ஒரு பழைய புத்தகத்திலிருந்து வந்தது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஜூன் 19, இரவு 12 தாண்டிவிட்டது

அந்தப் புத்தகம். ஆறாம் வருஷம் ஸ்னேப்புக்குப் பதிலாக மருந்துப் பாடம் எடுக்க வந்த ஸ்லக்ஹார்ன் வகுப்பில் ஹாரிக்குக் கிடைத்த பழைய பாடப்புத்தகம். வரிக்கு வரி யாரோ அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். மாணவனாக இருந்தபோது ஸ்னேப் எழுதியவை என்பது கடைசியில்தான் தெரிகிறது. தூக்க மருந்துக்கு ஒரு கொட்டையை வெட்டிப் போடு என்கிறது அச்சு. ஓரத்தில் கையெழுத்து: வெள்ளிக் கத்தியின் பட்டையான பக்கத்தால் நசுக்கு, வெட்டுவதைவிடச் சாறு நன்றாக இறங்கும். இடப்பக்கமாகக் கலக்கிக்கொண்டே இரு என்கிறது அச்சு. ஏழு சுற்று இடப்பக்கம், ஒரு சுற்று வலப்பக்கம் என்கிறது ஓரம். அப்படிச் செய்து ஹாரி வகுப்பில் முதல் ஆளாகிறான். ஹெர்மாயினி புத்தகத்தை விட்டு அசைய மாட்டேன் என்று கூந்தல் பம்மென்று உப்பிப் போய் வியர்த்துக் கொட்டுகிறாள்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ் ஞாபகம் வந்தார். 1200க்கு மார்க் போட்ட காலம். ஒரு நாள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து மேசையில் வைத்தார். சேலத்துக்காரனுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஜங்ஷன் தாண்டி ஓமலூர் பக்கம் போனால் சுரங்கத்து மண்மேடு பூரா அதே வெள்ளைதான், மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். வெள்ளைக்காரன் அந்த மேட்டுக்குச் சாக்பீஸ் மலை என்றே பெயர் வைத்தான். மிஸ் அதன் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டார். ஒன்றும் ஆகவில்லை. "கார்பனேட்னா பொங்கும்னு படிச்சீங்கல்ல? ஏன் பொங்கல?" என்று கேட்டுவிட்டு வெளியே வராண்டாவில் போய் நின்றுகொண்டார். நாங்கள் 46 பேர். கல் கெட்டுப்போச்சு மிஸ் என்றான் ஒருவன். ஆசிட்டில் தண்ணி கலந்துட்டாங்க மிஸ் என்றான் இன்னொருவன், அட்டெண்டரைப் பார்த்து.

கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்தார். கல்லின் ஒரு சில்லை உரலில் போட்டு நசுக்கினார். மாவை டெஸ்ட் டியூபில் தட்டி, அமிலம் விட்டு, லேசாகச் சூடு காட்டினார். பால் பொங்குகிற மாதிரி நுரைத்து மேலே ஏறியது. வாயுவைச் சுண்ணாம்புத் தண்ணீரில் விட்டதும் அது வெளுத்தது. கல்லாக இருந்தால் அமிலத்துக்கு மேல்தோல் மட்டும்தான் கிடைக்கும், மாவாக்கினால் உள்ளே எல்லாமே மேல்தோல்தான் என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரப்பளவு கூடினால் வினைவேகம் கூடும் என்று கைடில் இருக்கும் வரியை நான் மனப்பாடம் செய்யவே இல்லை. இன்றைக்கும் தேவைப்பட்டதில்லை.

வெட்டாதே, நசுக்கு. ஸ்னேப்பின் ஓரக்குறிப்பும் மிஸ்ஸின் உரலும் ஒன்றுதான்.

இப்போது என் சங்கடத்துக்கு வருகிறேன். ஸ்னேப்புக்கு இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே தெரியும். தெரிந்ததைப் புத்தக ஓரத்தில் எழுதிப் பூட்டிவிட்டு, வகுப்பில் வந்து நெவிலைத் திட்டிக்கொண்டிருந்தார். என்னிடமும் கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. எந்த உப்பு எதில் ஏமாற்றும், எதை எவ்வளவு சூடு பண்ணினால் நிறம் வரும் என்று 19 வருஷச் சங்கதி. அதை நான் யாருக்கும் காட்டியதில்லை. வகுப்பில் கைடைப் பார்த்துத்தான் சொல்வேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. தொழில் ரகசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 21, மாலை

மேலே ஸ்னேப்புக்கு அநியாயம் செய்துவிட்டேன். அதே மாணவி மறுபடியும் வந்தாள். "சார், ஸ்னேப் புத்தகத்தைப் பாத்து செய்யச் சொன்னதா எங்க வருது? செய்முறை போர்டுல இருக்கு, பாத்து செய்னுதான சொல்வாரு." ஆமாம். ஐந்தாம் வருஷம் சாந்தி மருந்து செய்யும் வகுப்பில் மந்திரக் குச்சியை ஆட்டிப் போர்டில் வரவழைக்கிறார். ஐந்து வருஷம் முதலிடத்தில் இருந்த ஹெர்மாயினி, ஸ்லக்ஹார்ன் வந்து புத்தகத்தைத் திறக்கச் சொன்னதும் திணறுகிறாள். அப்படியானால் போர்டில் இருந்தது புத்தகத்தைவிட நல்ல செய்முறையாக இருந்திருக்க வேண்டும். ஓரக்குறிப்புகளைத்தான் அவர் போர்டில் போட்டுக்கொண்டிருந்தார் போல. பூட்டி வைத்தார் என்று நான் சொன்னது தப்பு.

பூட்டி வைத்தது நான் ஒருத்தன்தான் என்று ஆகிவிட்டது. நல்லது.

ஜூன் 21, இரவு 11:50

தூக்கம் வரவில்லை. போர்டில் நல்ல செய்முறை இருந்தும் நெவிலுக்கு ஏன் வரவில்லை? அன்றைக்கு ஹாரியே ஒரு வரியைத் தாண்டிவிட்டு முட்டை வாங்கினான்.

ஓரக்குறிப்பை மறுபடி படித்தேன். நசுக்கு என்பதோடு நிற்கவில்லை, சாறு நன்றாக இறங்கும் என்று காரணம் இருக்கிறது. தனக்குத் தானே எழுதிக்கொண்டதால் காரணத்தையும் எழுதியிருக்கிறார். நாம் கண்ட வகுப்புகளில் போர்டில் இருப்பது வெறும் வரிசை. இதைப் போடு, இத்தனை சுற்று சுற்று, தீயைக் குறை. காரணம் தெரிந்தவனுக்கு ஒரு வரி தவறினாலும் கை சமாளித்துக்கொள்ளும். வரிசை மட்டும் தெரிந்தவனுக்கு ஒரு வரி போனால் எல்லாம் போச்சு. எங்கள் அம்மா ரசம் வைப்பதும் யூட்யூப் பார்த்து என் தம்பி ரசம் வைப்பதும் போல.

ஜூன் 22

வரலாற்று வாத்தியார் பின்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: ஆசிரியர் அறையில் கணப்புக்கு முன்னால் தூங்கிப்போய், மறுநாள் எழுந்து உடம்பை அங்கேயே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனவர். செத்ததே தெரியாமல் பாடம் நடத்துகிறார். இந்த மாதிரி ஆட்களை நான் உயிரோடு பார்த்திருக்கிறேன்.

ஜூன் 28, இரவு

அம்பிரிட்ஜ் அம்மாவை யாரும் தற்காக்க வரவில்லை, நானும் வரமாட்டேன். ஆனால் எழுதும் வரி எழுதுகிறவன் கைத்தோலிலேயே கீறிக்கொள்ளும் அந்தப் பேனாக் கொடுமையை மட்டுமே எல்லாரும் பேசுகிறீர்கள். எனக்கு முதல் வகுப்பே போதும். குச்சிகளை உள்ளே வை. முதல் அத்தியாயத்தைப் படி. பேச வேண்டிய அவசியம் இல்லை. தற்காப்பு மந்திரத்தை ஒருமுறை கூடச் செய்து பார்க்காமல், தியரி ஒழுங்காகப் படித்திருந்தால் பரீட்சையன்று தானாக வந்துவிடும் என்கிறார்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் படித்தவர்களுக்கு இந்த அம்மா புதுசா? பிராய்லர் பள்ளிகள் என்று பெயரே உண்டு. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே அரைத்த காலம் அது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததே அதனால்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில், பெயர் வேண்டாம், லேப் சாவி தாளாளர் மேசையில் இருக்கும். பிராக்டிகலுக்குப் பத்து நாள் முன்னால்தான் திறப்பார்கள். பிள்ளைகள் செய்யாத சோதனைக்கு ரெக்கார்டு எழுதுவார்கள். 'வெண்ணிற வீழ்படிவு கிடைத்தது' என்று 60 பேரும் எழுதினார்கள், நாங்கள் எழுத வைத்தோம். ஒரு துளி வெள்ளையை யாரும் பார்க்கவில்லை. அங்கே இரண்டு வருஷம் இருந்தேன். ராஜினாமா கடிதம் எழுதிய கதையை வீரமாகச் சொல்லலாம், ஆனால் சம்பளம் பத்தாமல்தான் வந்தேன்.

ஹாக்வார்ட்ஸ் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஒளிந்து ஒரு அறையில் கூடி ஹாரியிடமே கற்றுக்கொண்டார்கள். அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது, எதிராளி கைக் குச்சியைத் தட்டிவிடும் எளிய மந்திரம். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா என்று ஒருவன் முணுமுணுக்கிறான். செய்யச் சொன்னால் பாதிப் பேருக்கு வரவில்லை. டியூஷன் எடுக்கிற எவனும் இந்த இடத்தில் புன்னகைப்பான்.

ஜூலை 3

ஏற்காடு போய் வந்தேன், பையனோடு. 20 கொண்டை ஊசி வளைவும் அவன் கண்ணை மூடிக்கொண்டே வந்தான். தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்கிட் தோட்டத்தில் குடுவைச் செடியைக் காட்டினேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது டூர் வந்தபோது, அங்கே வேலை செய்த பெரியவர் காயத் தொடங்கிய ஒரு குடுவையைக் கிள்ளிக் கையில் கவிழ்த்தார். கலங்கலாகத் தண்ணீர், அதில் எறும்புக் கால்கள், ஒரு ஈயின் இறக்கை. பையன்கள் பின்வாங்கினோம். "பசிக்குதுல்ல, அதான்" என்றார். அவ்வளவுதான் பாடம். ஹாக்வார்ட்ஸில் செடி கொடிப் பாடம் எடுக்கும் ஸ்ப்ரவுட் அம்மா காதடைப்பை மாட்டச் சொல்லிவிட்டு, அலறும் மாண்ட்ரேக் செடியை மண்ணிலிருந்து பிடுங்கித் தொட்டி மாற்றுகிறாரே, அந்த வகை ஆள். பேச்சு குறைவு, கையில் மண்.

விலங்குப் பாடம் எடுக்கும் ஹாக்ரிட் நல்லவர், நல்ல வாத்தியார் இல்லை என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். முதல் வகுப்பிலேயே ஹிப்போகிரிஃப், கழுகுத் தலையும் குதிரை உடம்புமான மிருகம்! கொண்டுவரலாம், தப்பில்லை, குனிந்து வணக்கம் வைக்க வேண்டும் என்று சொல்லியும் கொடுத்தார். மால்ஃபாய் என்ற மாணவன் கேட்கவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டான். தப்பு அதற்கு அப்புறம் நடந்தது. அவன் அப்பாவின் புகாருக்குப் பயந்து, வருஷம் பூரா புழுவுக்குக் கீரை போட வைத்தார். பரீட்சையில் அந்தப் புழு ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தால் பாஸ். சும்மா விட்டாலே அது நன்றாக இருக்கும். புகார் வந்த அடுத்த நாள் சோதனையை எல்லாம் நிறுத்திவிட்டு நோட்ஸ் கொடுத்த ஆசிரியர்களை நான் அறிவேன். அந்தப் பட்டியலில் என் பெயர் மூன்றாவதோ நான்காவதோ.

ஜூலை 4

ஜோசியப் பாடம் எடுக்கும் டிரிலானி பற்றி ஒரே வரி. வருஷத்துக்கு ஒரு பிள்ளை சாகும் என்று சொல்லி ஆரம்பிப்பார், இதுவரை யாரும் சாகவில்லை என்று மெக்கானகல் சொல்கிறார். செத்துப்போனால் ஹோம்வொர்க் தர வேண்டாம் என்று மெக்கானகலே ஹாரிக்குச் சலுகையும் தருகிறார். எங்கள் பேருந்து நிலையத்துக் கிளி இதைவிட நல்ல சீட்டு எடுக்கும்.

ஆகஸ்ட் 9, ஆடிப் பண்டிகை, டியூஷன் லீவு

அயோத்தியாபட்டணத்துக்காரர் விடாமல் கேட்கிறார், லூபின் அப்படி என்னதான் செய்துவிட்டார் என்று. நேற்று குகை வண்டி வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன், அதனால் இன்று பதில் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காக: குகை என்பது சேலத்தில் ஒரு பகுதி. அங்கே வண்டிகளில் சாமி வேஷம் கட்டி ஊர்வலம் வருவார்கள். ஐந்து வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். நாக்கு தொங்க, கண் சிவக்க, காளி. அலறினேன். அடுத்த வருஷம் அந்தத் தெருவுக்கே வர மாட்டேன் என்று அடம். அப்பா திட்டவில்லை, பயப்படாதே என்றும் சொல்லவில்லை. ஊர்வலம் கிளம்புவதற்கு முன்னால் வண்டி நிற்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். காளி அட்டை நாக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கோலி சோடா குடித்துக்கொண்டிருந்தது. ஏப்பம் விட்டது. "என்ன கண்ணு, சோடா வேணுமா?" என்றது, மீசை மழித்த தடம் பச்சையாகத் தெரிய. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

லூபினின் அலமாரி வகுப்பு இதேதான். உள்ளே இருப்பது அவரவர் பயப்படும் உருவத்தில் வரும், அதைச் சிரிப்பாக்கிவிட்டால் அடங்கும். நெவிலை நம்பிக் கஷ்டமான எதையும் கொடுக்காதே என்று ஸ்னேப் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போகிறார். லூபின் உடனே, முதல் ஆளாக நெவிலைத்தான் கூப்பிடுகிறார். உனக்கு எதைக் கண்டால் பயம்? ஸ்னேப். சரி, உன் பாட்டி என்ன உடுத்துவார்? அலமாரியிலிருந்து ஸ்னேப் பாட்டியின் கவுனும் கழுகுத் தொப்பியும் சிவப்புக் கைப்பையுமாக வருகிறார். வகுப்பே உருளுகிறது.

ஒரு மாணவன் உலகத்திலேயே அதிகமாகப் பயப்படுவது அவன் வாத்தியாரைக் கண்டு. சிரித்துவிட்டுப் போய்விட்டோம், அந்த வரியில் நான் இத்தனை நாள் நின்றதே இல்லை.

ஆகஸ்ட் 10

சிரிப்பு காட்டினால் வாத்தியாரா என்று மறுபடி கேட்டிருக்கிறார். சரி, தனி டியூஷனுக்குத் தனி டியூஷனையே ஒப்பிடுங்கள். இரண்டு பேரும் ஹாரிக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். லூபின் காவல் மந்திரத்துக்கு, ஏதாவது சந்தோஷமான நினைவைப் பிடித்துக்கொள் என்கிறார். மயங்கி விழுகிறான். சாக்லேட் கொடுத்து, எந்த நினைவைப் பிடித்தாய் என்று விசாரிக்கிறார், அது போதாது, இன்னும் பலமானதாகத் தேடு என்கிறார். ஸ்னேப் மனதை மூடும் வித்தைக்கு, மனதைக் காலி செய் என்கிறார். எப்படி என்று சொல்லவில்லை. உடனே தாக்குகிறார். விழுந்தால், நீ முயற்சியே செய்யவில்லை என்கிறார். முதலாவது வகுப்பில் பையன் கற்றுக்கொண்டான், இரண்டாவதில் கடைசிவரை வரவில்லை. இதில் ரிசல்ட் எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு பையன். பியூரெட் உடைப்பான். ஒன்று, இரண்டு, மூன்றாவதும் உடைத்த அன்று, பதினெட்டுப் பேர் முன்னால், "உனக்கெல்லாம் எதுக்குடா ஃபர்ஸ்ட் குரூப்பு" என்று ஆரம்பித்து அவன் அப்பா தொழில் வரைக்கும் போய்விட்டேன். அரையாண்டுக்கு அப்புறம் வரவில்லை. ஜூன் மாதம் இந்த இழையில் முதல் பதில் போடும்போது அவன் முகம் வந்தது, தள்ளிவிட்டேன்.

போன வாரம் மனைவியின் கொலுசு ஒன்று அறுந்து சிவதாபுரம் போனேன். பட்டறைக்குள் போனால் அவன். ஓனரே அவன்தான். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். "சார், வாங்க சார்" என்று முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தவன் எழுந்து லுங்கியை இறக்கிவிட்டான். டீ சொன்னான். பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையைக் கூட விற்றுவிடுவார்களாம், அதில் வெள்ளித் தூள் இருக்கும். அதிலிருந்து எப்படி எடுப்பது என்று செய்தே காட்டினான். பொடியை நைட்ரிக் அமிலத்தில் போட்டான், செம்புகை எழுந்தது, முகத்தைத் திருப்பாமல் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து ஒரு அடி நகர்ந்து நின்றான். தெளிந்ததை இறுத்து, உப்புத் தண்ணீர் விட்டான். வெள்ளையாகத் திரண்டு இறங்கியது. கை ஆடவே இல்லை.

"தயிர் மாதிரி வெள்ளையா வரும்னு நீங்கதான் சார் சொல்லிக் குடுத்தீங்க. குளோரைடு டெஸ்ட்ல. இங்க பாத்ததும் அட இதான்டான்னு இருந்துச்சு."

அது என் சரக்கு இல்லை, கைடில் இருக்கும் வரி. 'தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு.' சொல்லவில்லை. அன்றைக்கு உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது தம்பி என்று மட்டும் எப்படியோ சொல்லிவிட்டேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அது நீங்க இல்ல சார். பிசிக்ஸ் சாரு."

நான்தான். பதினெட்டுப் பேர் சாட்சி. மறந்துவிட்டானா, எனக்காக மறந்தானா, தெரியவில்லை. திருப்பி அழுத்திச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. டீயைக் குடித்தேன்.

நெவில் பிற்பாடு ஹாக்வார்ட்ஸிலேயே செடி கொடிப் பாடத்துக்குப் பேராசிரியராகிறான் என்று யாராவது கீழே எழுதுவீர்கள். தெரியும்.

கறுப்பு நோட்டை ஜெராக்ஸ் போடக் கொடுத்துவிட்டேன், இந்த வருஷப் பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'ஏன்' என்று எழுதிச் சேர்க்க வேண்டும் என்று ஆரம்பித்தேன், பாதி வரிகளுக்கு எனக்கே காரணம் தெரியவில்லை. பதினோராம் பக்கத்தில் நிற்கிறேன்.

ஆகஸ்ட் 24, கொஞ்ச நேரம் கழித்து

மறந்துவிட்டேன். கிளம்பும்போது அவனிடம் ஸ்னேப்பின் கொட்டை விஷயத்தைச் சொல்லி, வெள்ளிக் கத்தியால் நசுக்கினால் நடக்குமா என்று கேட்டேன்.

"சுத்த வெள்ளியா சார்? கொட்டை நசுங்காது, கத்தி வளைஞ்சுரும். செம்பு கொஞ்சம் சேக்கச் சொல்லுங்க."

கொலுசுக்குக் காசு வாங்கவில்லை.